நான்கு சிறுவர்களுக்கு ஒரு சிறுமி: ஆட்டிசக் கணக்கு எதை எண்ணுகிறது?

ஆட்டிசம் பற்றிப் பேச்சு எழுந்தால் கூடவே ஒரு கணக்கும் வந்துவிடும்: நான்கு சிறுவர்களுக்கு ஒரு சிறுமி. இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "இது ஆண் பிள்ளைகளுக்கு வருவது, பெண் பிள்ளை என்றால் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும்" என்பது பழைய கட்சி. "பெண்களுக்கும் அதே அளவு உண்டு, எல்லாரும் மறைத்துக்கொண்டு திரிகிறார்கள்" என்பது புதிய கட்சி. சமூக ஊடகங்களில் புதிய கட்சியில் சேருவது மிகவும் சுலபம். அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்தால் போதும்.

பழைய கட்சி அந்த எண்ணை இயற்கையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. புதிய கட்சி அதை வெறும் பாரபட்சம் என்று தூக்கி எறிகிறது. அந்த எண் எதை எண்ணிக் கிடைத்தது என்று இருவருமே கேட்பதில்லை. அது ஆட்டிசத்தோடு பிறந்தவர்களின் விகிதமன்று. ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களின் விகிதம். இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை பேர் விழுந்துவிடுகிறார்கள், ஏன் பெரும்பாலும் பெண்களே விழுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

## ஆட்டிசத்தை எப்படிக் கண்டறிகிறார்கள்?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் வேறுபாடு. அது தொற்றுவதில்லை, வளர்ப்பில் நேர்ந்த பிழையாலும் வருவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற கையேடு இதன் அடையாளங்களை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் பகுதி, பிறரோடு பழகுவதில் உள்ள சிரமங்கள். உரையாடலில் கொடுக்கல் வாங்கல் தடைப்படுவது, முகக்குறிப்பையும் சைகையையும் படிக்கவோ பயன்படுத்தவோ தடுமாறுவது, நட்பை உருவாக்கித் தக்கவைக்கத் திணறுவது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் பகுதியில் நான்கு வகைகள் உண்டு: ஒரே அசைவை அல்லது பேச்சைத் திரும்பத் திரும்பச் செய்வது, அன்றாட ஒழுங்கு மாறினால் நிலைகுலைவது, ஒரே விஷயத்தில் மிகத் தீவிரமாக ஈடுபடுவது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது. முதல் பகுதியில் மூன்றும், இரண்டாம் பகுதியில் குறைந்தது இரண்டும் இருக்க வேண்டும். அவற்றால் அன்றாட வாழ்க்கை உண்மையாகவே பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை உண்டு, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே உண்டு. ஆட்டிசத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. நரம்பியலில் இத்தனை வளர்ச்சிக்குப் பிறகும், ஒருவர் நடந்துகொள்வதைப் பார்த்தும், அவருடைய சிறு வயதைப் பற்றி வீட்டாரிடம் கேட்டும்தான் முடிவுக்கு வருகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் முறையான கருவிகளைக் கொண்டு செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் அது பார்வையை நம்பியிருக்கும் முறை. ஆகவே கண்டறியும் அறைக்குள் யார் அழைத்துவரப்படுகிறார்கள், அங்கே எதைத் தேடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் விடையை மாற்றிவிடும்.

## கரும்பலகையில் இல்லாத பெயர்

ஆசிரியர் வகுப்பை விட்டுச் சற்று வெளியே போகிறார். பேசுகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும்படி வகுப்புத் தலைவனிடம் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கரும்பலகையில் பத்துப் பெயர்கள்: எட்டு சிறுவர்கள், இரண்டு சிறுமிகள். பாடத்தைக் கவனிக்காதவர்கள் யார் என்பதை அந்தப் பலகையைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும்? சத்தம் போட்டவர்கள் அகப்படுவார்கள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்தபடி, ஒரு வரியும் மனத்தில் ஏறாமல் உட்கார்ந்திருந்த சிறுமியின் பெயர் அங்கே இருக்காது. பலகை பொய் சொல்லவில்லை. அது எண்ணியது சத்தத்தை. கவனமின்மையை எண்ணியதாக நாம்தான் படித்துக்கொண்டோம்.

ஆட்டிசம் கண்டறிவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. யாராவது ஒருவர் தொந்தரவாக உணர்ந்தால்தான் குழந்தை மருத்துவரிடம் போகும். வகுப்பில் மேசையைக் கவிழ்க்கும் சிறுவனைப் பற்றி அன்று மாலையே வீட்டுக்குத் தகவல் போய்விடும். வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத சிறுமியின் மதிப்பெண் அட்டையில் "அமைதியான பிள்ளை" என்று பாராட்டு எழுதப்படும். அவள் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அழுவது பள்ளிக்குத் தெரியாது.

இதை ஊகமாக மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. பிரிட்டனில் இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்விலிருந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகளையும், ஆட்டிசத் தன்மைகள் அதிகம் இருந்தும் கண்டறியப்படாத குழந்தைகளையும் அதில் ஒப்பிட்டார்கள். கண்டறியப்பட்ட சிறுமிகளிடம் ஆட்டிசத் தன்மைகளோடு அறிவுத்திறன் குறைபாடோ நடத்தைச் சிக்கல்களோ கூடுதலாகக் காணப்பட்டன. அதாவது ஆட்டிசம் மட்டும் இருந்தால் சிறுமி மருத்துவரின் கண்ணில் படுவது கடினம். வேறொரு பிரச்சினையும் சேர்ந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

பழைய எண்களிலேயே இதற்கு ஒரு தடயம் உண்டு. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-இல் ஆண் பெண் விகிதத்தைத் தனியாக ஆராய்ந்தார். கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தவர்களிடையே விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. நன்றாகப் பேசி, பள்ளிப் பாடத்தில் தடுமாறாதவர்களிடையே அது பதினைந்துக்கு ஒன்று வரை ஏறியது. மறைக்கவே முடியாத இடத்தில் விகிதம் சுருங்குகிறது. மறைக்க முடிந்த இடத்தில் விரிகிறது. உயிரியல் வேறுபாடு மட்டுமே காரணம் என்றால் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்குவது எளிதன்று.

## அளவுகோல் யாரைப் பார்த்துச் செய்யப்பட்டது?

கரும்பலகைக் கதை இத்தோடு நின்றிருந்தால் தீர்வு சுலபம்: அமைதியான சிறுமிகளையும் அழைத்துவந்து சோதித்தால் போதும். உண்மையில் சிக்கல் இன்னும் ஆழமானது. அந்தப் பலகையில் எழுதப்பட்டவர்களை மட்டும் கவனித்து, "கவனிக்காதவர்கள் எப்படி இருப்பார்கள்" என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டால்? அடுத்த ஆண்டு அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு மறுபடியும் சத்தம் போடுகிறவர்கள்தான் கிடைப்பார்கள்.

ஆட்டிசத்தின் வரலாற்றில் இதுதான் நடந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், ஆட்டிசத்தைப் பற்றி 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் 11 குழந்தைகள் இருந்தார்கள். எட்டுப் பேர் சிறுவர்கள், மூன்று பேர் சிறுமிகள். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் விரிவாக விவரித்த நால்வருமே சிறுவர்கள். இந்தத் தன்மையின் முழு வடிவத்தைத் தாம் சிறுமிகளிடம் பார்த்ததில்லை என்று எழுதிய அவர், ஆண் அறிவின் தீவிர வடிவமாகவே இதைக் கருதினார். அவர் பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அவரிடம் அனுப்பப்பட்டவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைத்தான் யாரும் வெகுகாலம் கேட்கவில்லை.

இதில் எரிச்சல் தரும் ஒரு துணுக்கு உண்டு. இவர்கள் இருவருக்கும் முன்பே, க்ரூன்யா சுகரேவா என்ற சோவியத் மனநல மருத்துவர், இன்று படித்தாலும் ஆட்டிசம் என்று அடையாளம் காணக்கூடிய குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆறு சிறுவர்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1926-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. 1927-இல் அவர் சிறுமிகளைப் பற்றியும் தனியாக எழுதினார். அந்த எழுத்துகள் ஆங்கிலத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. சிறுமிகளைப் பார்த்த கண் ஒன்று தொடக்கத்திலேயே இருந்தது. துறை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு சுழல் தானாகவே சுற்றத் தொடங்கியது. முதலில் சிறுவர்களே அதிகம் கண்டறியப்பட்டார்கள். அதனால் ஆய்வுகளிலும் அவர்களே அதிகம் சேர்ந்தார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து அளவுகோல்கள் உருவாயின. அந்த அளவுகோல்கள் மீண்டும் சிறுவர்களையே நன்றாகக் கண்டுபிடித்தன. இன்று உலகெங்கும் பயன்படும் கருவிகளில் ஒன்று ஏடோஸ். பயிற்சி பெற்ற ஒருவர் சுமார் 40 முதல் 60 நிமிடம் வரை விளையாட்டு, உரையாடல் போன்ற வகுத்துவைத்த செயல்களின் வழியே ஒருவரைக் கவனித்து மதிப்பெண் இடும் முறை அது. பல ஆய்வுக்குழுக்கள் இந்தக் கருவியில் ஆட்டிசத்துக்கு உரிய மதிப்பெண்ணை எட்டியவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்துக்கொள்கின்றன. ஏற்கெனவே மருத்துவரால் ஆட்டிசம் என்று உறுதி செய்யப்பட்டு வந்த பெண்கள்கூட இந்த வடிகட்டலில் ஆண்களைவிட அதிக விகிதத்தில் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெண்களைப் பற்றித் தெரியவில்லை என்று சொல்லும் துறை, தெரிந்துகொள்ளும் வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆட்டிசத்தை நடத்தையைப் பார்த்தே கண்டறிகிறார்கள். வெளியே தொந்தரவாகத் தெரியும் நடத்தையே மருத்துவரிடம் கொண்டுசேர்க்கிறது. எதைத் தேட வேண்டும் என்ற பட்டியலும் பெரும்பாலும் சிறுவர்களை வைத்தே எழுதப்பட்டது. இனி, சிறுமிகளிடம் அப்படி என்னதான் வேறாகத் தெரிகிறது என்று பார்ப்போம்.

## விளையாட்டுத் திடலில் யார் தனியாக நிற்கிறார்கள்?

அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் பள்ளி இடைவேளையில் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று திடலில் நின்று பார்த்தார்கள். 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வு, என் கணக்கில், இந்த விஷயத்தை வேறெதையும்விடத் தெளிவாகப் புரியவைக்கிறது. ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் பெரும்பாலும் தனியாக விளையாடினார்கள். மற்றச் சிறுவர்கள் ஒழுங்கான விளையாட்டில் ஈடுபட்டிருந்ததால், விலகி நின்றவன் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தான். சிறுமிகளின் பக்கம் படம் வேறு. மற்றச் சிறுமிகள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள சிறுமியும் அந்தக் கூட்டத்தின் அருகிலேயே இருந்தாள். உள்ளே போவாள், வெளியே வருவாள், மறுபடி ஒட்டிக்கொள்வாள். தூரத்திலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அவள் தோழிகளோடு நிற்பதாகவே தோன்றும். பக்கத்தில் போய்க் கேட்டால்தான் பேச்சில் அவளுக்குப் பங்கில்லை என்பது தெரியும்.

ஆக, பழகுவதில் உள்ள சிரமம் இருவருக்கும் ஒன்றே. அது எந்தப் பின்னணியில் நிகழ்கிறது என்பதுதான் வேறு. தனியாக இருக்கும் குழந்தையைத் தேடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தால், அவர் நேர்மையாகத் தேடியும் சிறுமியைத் தவறவிடுவார்.

ஆர்வங்களிலும் இதே கதைதான். ரயில் கால அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும் சிறுவன் ஆட்டிசத்தின் விளம்பரப் படமாகவே ஆகிவிட்டான். ஒரு சிறுமியின் தீவிர ஈடுபாடு குதிரைகளாக, பூனைகளாக, ஒரு கதைத் தொடராக, ஒரு பாடகராக இருக்கலாம். அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் அவையெல்லாம் பிடிக்கும் என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்க வேண்டியது என்ன பிடிக்கும் என்பதையன்று, எவ்வளவு பிடிக்கும் என்பதை. அந்தப் பாடகரைப் பற்றிய தகவல்களை ஆண்டு வாரியாகப் பட்டியலிட்டு, அதைத் தவிர வேறெதையும் பேச முடியாமல், யாராவது இடைமறித்தால் நிலைகுலைகிறாள் என்றால், அந்த ஆர்வம் ரயில் அட்டவணைக்கு ஒன்றும் சளைத்ததன்று.

திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் சிறுமிகளிடம் சராசரியாகக் குறைவாகவே பதிவாகின்றன. இதில் ஒரு பகுதி உண்மையான வேறுபாடாகவே இருக்கலாம். இன்னொரு பகுதி, கைகளை உதறுவதற்குப் பதிலாக முடியைச் சுருட்டுவது, நகத்தைக் கிள்ளுவது, காலணிக்குள் கால்விரலை மடக்கி விரிப்பது என்று கண்ணில் படாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் விடுபடுகிறது.

## மறைத்தல் எப்படி நடக்கிறது?

இந்தப் பேச்சில் அடிக்கடி வரும் சொல் மறைத்தல். தன் ஆட்டிசத் தன்மைகள் பிறருக்குத் தெரியாதபடி, தெரிந்தோ தெரியாமலோ, நடத்தையை மாற்றிக்கொள்வதே அது. இணையத்தில் இதை நடிப்பு என்றும், சில சமயம் ஏமாற்று என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பொருந்தாது. நடிகருக்கு மேடையை விட்டு இறங்கும் நேரம் தெரியும்.

மறைத்தலை அளப்பதற்காக 2018-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அதில் மறைத்தல் மூன்று வேலைகளாகப் பிரிந்து தெரிகிறது. முதலாவது ஈடுகட்டுதல்: பிறர் எப்படிப் பேசுகிறார்கள் என்று தொலைக்காட்சியிலோ புத்தகத்திலோ கவனித்து, வசனங்களை முன்கூட்டியே தயாரித்துக்கொள்வது. இரண்டாவது மூடிவைத்தல்: எதிராளியின் கண்ணைப் பார்க்கும்படி தன்னைக் கட்டாயப்படுத்துவது, முகத்திலும் உடலிலும் ஒவ்வோர் அசைவையும் கண்காணிப்பது. மூன்றாவது ஒட்டிப்போதல்: விருப்பமில்லாவிட்டாலும் கூட்டத்தில் இருப்பது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது.

மற்றவர்களுக்குத் தானாக வரும் ஒன்றை இவர்கள் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள் என்பதே இதன் உள்வேலை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், பதில் எத்தனை வாக்கியம் இருக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், திருப்பிக் கேட்க வேண்டுமா, எப்போது நிறுத்த வேண்டும் என்று மூளையின் ஒரு பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். அறைக்கு வெளியே ஒரு கதவு சாத்தப்பட்ட ஓசை காதைக் கிழித்திருக்கும். அதற்கும் முகம் சுளிக்கக்கூடாது. மாலைக்குள் எல்லா ஆற்றலும் வற்றிவிடும். பள்ளியில் பொம்மைபோல இருக்கும் பிள்ளை வீட்டு வாசலில் காலை வைத்ததும் வெடிப்பதற்கு இதுவே காரணம். அதைப் பார்த்து, வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதுதான் நடைமுறை. நாள் முழுக்க அடக்கியதன் பாக்கி வீட்டில் தீர்க்கப்படுகிறது என்பது எளிதில் தோன்றுவதில்லை.

சிறுமிகள் ஏன் அதிகம் மறைக்கிறார்கள் என்பதற்கு ஒரு பகுதி விடை எதிர்பார்ப்பில் இருக்கிறது. சிரித்த முகமாக இருக்க வேண்டும், பிறர் மனம் கோணாமல் பேச வேண்டும், விருந்தினர் வந்தால் வணக்கம் சொல்ல வேண்டும் என்ற பாடங்கள் சிறுமிகளுக்கு முன்னதாகவும் கூடுதலாகவும் நடத்தப்படுகின்றன. முகத்தைத் திருப்பிக்கொண்ட சிறுவனுக்குக் கூச்சம் என்ற மன்னிப்பு உண்டு. சிறுமிக்கோ திமிர் என்ற பெயர் கிடைக்கும். தண்டனை முன்னதாக வந்தால் ஒளித்துவைக்கும் திறனும் முன்னதாக வளர்ந்துவிடுகிறது.

ஆய்வாளர்கள் மறைத்தலை இன்னொரு வழியிலும் அளந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே உணரும் ஆட்டிசத் தன்மைகளை வினாத்தாளால் அளப்பது, வெளியே தெரிவதை ஏடோஸ் போன்ற கவனிப்பால் அளப்பது, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுவது. இந்த இடைவெளி சராசரியாக ஆண்களைவிடப் பெண்களிடம் பெரிதாக இருந்தது. சராசரியாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மறைக்கும் ஆண்களும் உண்டு, அவர்களும் இதே காரணத்தால் தவறவிடப்படுகிறார்கள். மறைக்கவே வராத பெண்களும் உண்டு. மறைத்தலைப் பெண்களின் சொத்தாக்கினால், சிறுவர்களை வைத்து அளவுகோல் செய்த பழைய தவற்றைத் தலைகீழாகச் செய்தவர்களாவோம்.

இதற்கு விலையும் உண்டு. அதிகம் மறைப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகமாகக் காணப்படுகின்றன. தற்கொலை எண்ணங்களோடும் இதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. "நன்றாகத்தானே சமாளிக்கிறாள்" என்ற சொல், எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டாலும், பாதி உண்மைதான்.

## வேறு பெயரில் கழியும் ஆண்டுகள்

ஆட்டிசம் கண்ணில் படாத பெண்களின் வாழ்க்கையில் மருத்துவமே நுழைவதில்லை என்று நினைத்துவிடக்கூடாது. பலருடைய கோப்பு தடிமனாகவே இருக்கும். பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), உணர்ச்சிகள் கட்டுக்குள் நில்லாத பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். இவற்றில் சில தவறான முடிவுகள். சில சரியானவையே, ஆனால் மேல் அடுக்கு மட்டும். பதற்றம் உண்மை, அந்தப் பதற்றத்தை ஊட்டிக்கொண்டிருந்தது எது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

உணவு மறுப்பு நோயான அனோரெக்சியா இதில் தனிக் கவனம் பெறுகிறது. அதற்குச் சிகிச்சை பெறும் பெண்களிடையே ஆட்டிசம், பொதுமக்களில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே காணப்படுகிறது. சிலருக்கு உடல் எடை பற்றிய கவலையைவிட, உணவின் பதமும் மணமும் தாங்க முடியாமல் இருப்பதும், எண்ணி அளந்து சாப்பிடும் ஒழுங்கு தரும் நிம்மதியும் பெரிய காரணங்களாக இருக்கின்றன. அப்படிப்பட்டவரிடம் உடல் தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசும் சிகிச்சை எதிர்ச் சுவரில் மோதி நிற்கும். ஆனால் இங்கே மறுபக்கமும் உண்டு: நீண்ட பட்டினியே மனத்தை இறுக்கிப் பிடிவாதமாக்கி, ஆட்டிசத்தைப் போன்ற தோற்றத்தைத் தரக்கூடும். ஆகவே நோய்க்கு முந்தைய சிறு வயது எப்படி இருந்தது என்று கேட்காமல் முடிவுக்கு வர முடியாது.

தாய்மார்கள் பலர் தங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் கண்டறியப்படும்போதுதான் தங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். பிள்ளையின் சிறு வயதைப் பற்றி மருத்துவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, பதில்கள் தங்களுடையவையாகவும் இருப்பதைக் கவனிக்கிறார்கள்.

## அப்படியானால் உண்மை விகிதம் என்ன?

இப்போது புதிய கட்சியின் முறை. பெண்களைத் தவறவிட்டோம் என்பதால் இருபாலரும் சரிசமம் என்று ஆகிவிடுமா?

ஒரு தெளிவான ஆதாரம் 2017-இல் வந்தது. 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மொத்தமாக எடுத்தால் விகிதம் 4.2-க்கு ஒன்று என்று கண்டது. பிறகு, ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களின் பட்டியலை நம்பாமல், மக்களிடையே தாங்களே தேடிப்போய்ச் சோதித்த தரமான ஆய்வுகளை மட்டும் பிரித்தார்கள். அங்கே விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றாக இறங்கியது. கரும்பலகையைப் பார்க்காமல் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்ததற்கு இணையான வேலை இது. இறங்கியது என்பது முக்கியம். ஒன்றுக்கு ஒன்றாக ஆகிவிடவில்லை என்பதும் அதே அளவு முக்கியம். அந்தத் தேடலிலும் சிறுவர்களை வைத்துச் செய்த அளவுகோல்களே பெரும்பாலும் பயன்பட்டன என்பதால், மூன்று என்பதைக் கடைசி எண்ணாகக் கொள்ள முடியாது.

காலத்தோடு எண்கள் நகர்வதையும் பார்க்கலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுக் குழந்தைகளைப் பற்றி எடுத்துவரும் கணக்கில், 2008-ஆம் ஆண்டுக்கு 54 சிறுவர்களில் ஒருவர், 252 சிறுமிகளில் ஒருவர் என்று இருந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் சிறுவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர், சிறுமிகளில் 70 பேரில் ஒருவர். விகிதம் நாலரைக்கும் மேலிருந்து 3.4-க்கு இறங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகளிலும் கணக்கெடுத்த இடங்கள் ஒன்றல்ல. ஆனாலும் பதினான்கு ஆண்டுகளில் சிறுமிகளின் மரபணு மாறிவிடவில்லை, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் உயிரியல் சான்றுகளும் உண்டு. பெண்களுக்கு ஒரு பாதுகாப்புத் தன்மை இருக்கலாம் என்பது ஒரு கருதுகோள். ஆட்டிசத்தை உண்டாக்கும் மரபணுக் காரணங்கள் அதே அளவு இருந்தாலும் பெண்ணிடம் அவை வெளிப்பட இன்னும் கூடுதலான அழுத்தம் தேவைப்படுகிறது என்பது இதன் சாரம். இதற்கு ஆதரவாக, கண்டறியப்பட்ட சிறுமிகளிடம் பெரிய மரபணு மாற்றங்கள் சிறுவர்களிடம் இருப்பதைவிட அதிகம் காணப்படுகின்றன. ஆட்டிசத் தன்மைகள் மிகுந்த சிறுமிகளின் உடன்பிறந்தவர்களிடமும், அதே நிலையிலுள்ள சிறுவர்களின் உடன்பிறந்தவர்களிடம் இருப்பதைவிட அத்தன்மைகள் கூடுதலாக இருந்தன. வலுவான வாதம்தான். ஆனால் இதிலும் கரும்பலகையின் நிழல் விழுகிறது. கண்டறியப்படும் சிறுமிகள் தொடக்கத்திலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்றால், அவர்களிடம் பெரிய மரபணு மாற்றங்கள் தென்படுவதில் வியப்பில்லை. உயிரியல் எவ்வளவு, பார்வைப் பிழை எவ்வளவு என்று பிரிப்பது இதனால்தான் கடினமாக இருக்கிறது.

பிரிட்டிஷ் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனின் "அதீத ஆண் மூளை" என்ற கோட்பாட்டையும் இந்த இடத்தில் பலர் இழுத்து வருவார்கள். பரிவுணர்வைவிட ஒழுங்கமைப்புகளை ஆராயும் நாட்டம் மேலோங்கி நிற்பதே ஆட்டிசம் என்றும், அந்த நாட்டம் சராசரியாக ஆண்களிடம் அதிகம் என்றும் அது சொல்கிறது. கோட்பாட்டின் சரி தவறு ஒரு புறம் இருக்கட்டும். அந்தத் தலைப்பு மட்டும் பொதுவெளியில் தனியாக நடந்துபோய், ஆட்டிசம் உள்ள பெண் என்றால் ஆண் தன்மை கொண்டவள் என்ற அபத்தத்தை விதைத்துவிட்டது.

சுருக்கமாக: நான்குக்கு ஒன்று என்பது மிகை. ஒன்றுக்கு ஒன்று என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. தேடும் முறை மேம்பட மேம்பட இடைவெளி குறைந்துவருகிறது.

## "பெண் ஆட்டிசம்" என்று தனியாக ஒன்று உண்டா?

இல்லை. கையேட்டில் ஆட்டிசம் ஒன்றுதான், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல்கள் கிடையாது. பெண்களிடம் அது எப்படித் தோன்றக்கூடும் என்ற விவரிப்பைச் சிலர் தனி வகையாகவே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் இரண்டு கெடுதல்கள். மேசையைக் கவிழ்க்கும் சிறுமி "பெண் மாதிரி" இல்லை என்று தவறவிடப்படுவாள். அமைதியாக மறைத்துக்கொள்ளும் சிறுவனும் தவறவிடப்படுவான். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு தம்மை அடையாளம் காணாதவர்களிடையே ஆட்டிசம் கூடுதலாகவே காணப்படுகிறது. இரண்டே பெட்டிகள் வைத்துப் பிரித்தால் அவர்களை எந்தப் பெட்டியில் போடுவது?

டி.எஸ்.எம்.-5 ஓர் இடத்தில் நல்ல வேலை செய்திருக்கிறது. அடையாளங்கள் சிறு வயதிலேயே இருந்தாக வேண்டும். ஆனால் சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒருவரின் திறனைத் தாண்டும்வரை அவை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம், பின்னாளில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போகலாம் என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஐந்து வயதில் சமாளித்த சிறுமி பன்னிரண்டில் தடுமாறுவதை இந்த ஒரு வாக்கியம் விளக்குகிறது. சேர்ந்து ஓடினால் போதும் என்றிருந்த நட்பு, அந்த வயதில் இரகசியங்களாலும் சாடைப் பேச்சாலும் ஆனதாக மாறிவிடுகிறது. நேற்றுவரை உதவிய மனப்பாட வசனங்கள் அங்கே செல்லுபடியாவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களைப் பற்றியும் ஒரு சொல். அவை வடிகட்டும் கருவிகள், அதாவது யாரை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று குறிப்பவை மட்டுமே. கூச்ச சுபாவம், பதற்றம், கவனக்குறைபாடு, சிறு வயதில் பட்ட மனக்காயம் ஆகியவையும் அவற்றில் மதிப்பெண்ணை ஏற்றும். அதிக மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் உறுதி என்று அர்த்தமில்லை. குறைவாக வந்தால் இல்லை என்றும் அர்த்தமில்லை.

## சோதனை அறைக்கு எதைக் கொண்டுபோவது?

சந்தேகம் வந்து மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போகிறவர்களுக்கு, மறைத்தல் எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருந்தால் சில காரியங்கள் எளிதாகும். ஒரு மணி நேரக் கவனிப்பில் மறைத்தல் உடையாமல் இருக்கலாம். புதிய இடத்தில், அன்பான ஒரு பெரியவர் முன்னால், ஒழுங்குபடுத்தப்பட்ட பேச்சில் அது இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஆகவே அறைக்கு வெளியே நடப்பதைக் கொண்டுபோக வேண்டும். பள்ளியிலிருந்து திரும்பிய முதல் ஒரு மணி நேரம் எப்படிக் கழிகிறது, திட்டம் திடீரென்று மாறினால் என்ன நடக்கிறது, எந்த உடையைத் தொடவே மறுக்கிறாள், ஒரு தோழி வராத நாளில் இடைவேளையில் எங்கே நிற்கிறாள் என்பவற்றை எழுதிவைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களாகிவிட்ட பெண்களுக்குச் சிறு வயதைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். பெற்றோர் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் "நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள்" என்பதற்கு மேல் நினைவில்லாமல் இருக்கலாம். பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள், உடன்பிறந்தவர்கள், பள்ளிக்காலத் தோழி ஆகியோர் அங்கே உதவுவார்கள். ஒரு கூட்டத்துக்குப் போவதற்கு முன் என்ன தயாரிப்பு நடக்கிறது, வந்த பிறகு எழுந்திருக்க எவ்வளவு நேரமாகிறது என்று தாமாகவே சொல்லிவிடுவதும் நல்லது. எங்கேயும் பிறர் எதிர்பார்க்கிறபடியே நடந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அந்த அறையிலும் அப்படியே நடந்துகொண்டு, எதுவும் கண்டறியப்படாமல் திரும்பி வந்துவிடுவது உண்டு.